நின்றபடி வரைந்த கால்

நிஷாவின் பெரிய அண்ணன் இன்பராஜ் கடிதம் எழுதினால் எண் போட்டுத்தான் எழுதுவான். பட்டாளத்துக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. சின்ன அண்ணன் டேனியலும் பட்டாளத்தில்தான் இருந்தான். எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. போன் பேச அனுமதி இல்லை. அதனால் கடிதம்தான் வந்தது.

"1. தம்பி டேனியலுக்கு இடது காலில் குண்டுச் சிதறல் பட்டுவிட்டது.
2. ராணுவ ஆஸ்பத்திரியில் இருக்கிறான். போய்ப் பார்த்தேன்.
3. கவலை வேண்டாம்.
4. மறுபடியும் சொல்கிறேன், கவலை வேண்டாம்."

ஐந்தாம் வகுப்பு படிக்கும் நிஷா படித்து முடித்தாள். அம்மா அன்னம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஒரு வாட்டி எழுதியிருந்தா நம்பியிருப்பேன். ரெண்டு வாட்டி எழுதுறான். இன்னாவோ மறைக்கிறான், நிஷா. கால எடுத்துட்டாங்களோ?"

இன்பராஜ் மறைக்கக்கூடியவன்தான். பயிற்சியில் தன் கை முறிந்ததை, கட்டுப் பிரித்த பிறகுதான் வீட்டுக்குச் சொன்னான்.

மறுநாள் மாலை பக்கத்து வீட்டு ஜஹீதா ஆன்ட்டி வந்தார். அவரும் அம்மாவும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். அன்று அம்மா இரண்டு வலது கால் ஷூக்களை ஒரே ஜோடியாகக் கட்டி வைத்துவிட்டாராம். சூப்பர்வைசர் திட்டவில்லை. தானே பிரித்து மாற்றிக் கட்டினாராம்.

ஆன்ட்டியோடு அவர் மகன் முஜாஹிதும் வந்திருந்தான். அவனுக்கு ஷூ அளவு எடுக்க வேண்டும். அம்மா தரையில் ஒரு தாளை விரித்தார். அவன் நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டினான்.

"எழுந்து நில்லுடா. உக்காந்தா கால் ஒல்லியாத் தெரியும். அப்புறம் ஷூ கடிக்குதுன்னு என்னத்தான் சொல்லுவ."

நிஷா துள்ளி எழுந்தாள். யாரிடமும் சொல்லாமல் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து இன்பராஜுக்கு எழுத உட்கார்ந்தாள்.

"1. டேனியல் அண்ணனுக்கு அம்மா ஷூ செய்யப் போகிறார்.
2. அவன் காலைத் தாளில் வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்பு.
3. நின்றபடி வரைய வேண்டும். உட்கார்ந்து வரைந்தால் ஷூ கடிக்கும்.
4. இரண்டு காலும் வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், இரண்டு காலும்."

பிறகு தினமும் பள்ளி விட்டதும் தபால்காரரைத் தேடி ஓடினாள். பதினெட்டு நாள் அவர் கையை விரித்தார். பத்தொன்பதாம் நாள் தெருமுனையிலேயே ஒரு கவரைத் தூக்கிக் காட்டினார்.

அப்போதுதான் அம்மா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினார். நிஷா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே கவரைப் பிரித்தாள். உள்ளே ஒரு தாள். அதில் ஒரு கால். வலது கால்.

"ஒண்ணுதான் இருக்கு" என்றார் அம்மா.

நிஷா கவரைக் கவிழ்த்து உதறினாள். ஒன்றும் விழவில்லை. தாளைத் திருப்பினாள். பின்பக்கம் இடது கால் இருந்தது. தாளை மிச்சம் பிடிப்பது இன்பராஜின் இன்னொரு பழக்கம்.

அம்மாவுக்கு இன்னும் சந்தேகம். "இன்பராஜ் தன் காலயே வரைஞ்சு அனுப்பியிருந்தா?"

"சுண்டுவிரலப் பாரும்மா" என்றாள் நிஷா.

சைக்கிளிலிருந்து விழுந்த நாள் முதல் டேனியலின் இடது கால் சுண்டுவிரல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். படத்திலும் அப்படியே நின்றது.

அம்மா தாளை மாலை வெயிலில் தூக்கிப் பிடித்தார். ஒரு காலுக்குள் இன்னொரு கால் தெரிந்தது. இடது கோடு கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்தது.

"இடது கால் ஒல்லியா இருக்கு பாரு. முழுசா ஊனல. வலி இருக்கு" என்றார். பிறகு சிரித்துவிட்டார். "ஆனா நிக்கிறான்டி. நிக்கிறான்."

ஷூ செய்வதாகத் தானே வாக்குக் கொடுத்துவிட்டதை நிஷா தயங்கித் தயங்கி நினைவூட்டினாள். எந்தக் கால் அளவில் செய்வது என்றும் கேட்டாள்.

"வலது கால் அளவுக்கே ரெண்டும். அவன் வர்றதுக்குள்ள இடது காலும் அகலமாயிடும்."

மறுநாள் மாலை ஜஹீதா ஆன்ட்டி வந்து சொன்னார்: அன்று அம்மா கட்டிய ஜோடிகளில் ஒன்றுகூட மாறவில்லையாம்.