மாணவி ஒப்புக்கொள்ளவில்லை

அடுத்த வீட்டு விஷயம் நமக்கு எதற்கு என்று நான் எப்போதும் சொல்வேன். இருந்தாலும் சுமித்ராவின் விஷயம் எனக்கு முழுதாகத் தெரியும்.

ஆந்திர எல்லைக்குள் இருக்கிற பாலசமுத்திரத்தில் எங்கள் பள்ளிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த வருஷம். எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் அதில் ஏற்ற வேண்டும். கிளார்க் ஹரிபாபு, ஐந்தாம் வகுப்பு சுமித்ராவிடம் இண்டி பேரு கேட்டார். தெலுங்குக்காரர்கள் பெயருக்கு முன்னால் வைக்கும் குடும்பப் பெயர் அது. எங்கள் தெருத் தமிழர்களுக்கு அந்த வழக்கம் இல்லை.

இல்லை என்றாள் சுமித்ரா. கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் நகராது என்றார் ஹரிபாபு. அவள் அப்பா எத்திராஜுக்குப் பழைய பள்ளிப் பதிவில் ‘பெத்திண்டி’ என்று இருக்கிறதாம். அதையே போட்டுவிடலாமாம்.

பெத்திண்டி என்றால் பெரிய வீடு. ஊரில் பாதி நிலம் வைத்திருந்த குடும்பம். எத்திராஜ் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனியில் சேர்ந்தபோது அவர் கழுத்து அட்டையிலும் அந்தப் பெயர்தான் வந்தது. அவரும் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

“அவங்க பேரு எங்களுக்கு எப்படி சார் வந்துது?”

சுமித்ராவின் நச்சரிப்புத் தாங்காமல் ஹரிபாபு பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் போட்டார். யார் நிலத்தில் கூலி வேலையோ, அவர்கள் வீட்டுப் பெயரையே பிள்ளைக்கும் எழுதிவிடுவது அந்தக்கால வழக்கமாம். யாரும் ஏன் என்று கேட்டதில்லையாம்.

சுமித்ரா பக்கங்களைப் புரட்டினாள். அப்பா பெயர் இருந்தது. இரண்டு வருஷம் முந்தைய பக்கத்தில் அப்பாவின் அக்கா செல்லியம்மாவின் பெயரும் இருந்தது. அதன் முன்னால் இருந்த ‘பெத்திண்டி’ மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் தெலுங்கில் ஒரு வரி: மாணவி ஒப்புக்கொள்ளவில்லை.

செல்லியம்மா அத்தையா? திருமலையில் விடுதி அறைகளைக் கூட்டுகிற, வாயில்லாப் பூச்சி என்று எங்கள் தெருவே சொன்ன செல்லியம்மாவா? (தெரு என்றால், முதலில் சொன்னது நான்தான்.)

அன்று சாயங்காலம் சுமித்ரா அப்பாவிடம் கேட்டாள். எத்திராஜ் கை கால் கழுவி, சாப்பிட்டு, தட்டையும் கழுவி வைத்த பிறகுதான் பதில் சொன்னார். அதற்குள் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கால் மரத்துவிட்டது.

“அக்காவ நாள் பூரா வெயில்ல நிக்க வெச்சாங்க. அப்பவும் அந்தப் பேரு வேணான்னு சொல்லிக்கினே நின்னுது. அதப் பாத்து பயந்துதான், என் முறை வந்தப்ப நான் வாயே தொறக்கல.”

“நான் தொறப்பேன் நைனா.”

மறுநாள் பட்டியல் அனுப்பக் கடைசி நாள். எத்திராஜ் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு மகளோடு பள்ளிக்கு வந்தார். இண்டி பேரு இடத்தில் கோவர்த்தனன் என்று போடச் சொன்னாள் சுமித்ரா.

“அது உங்க தாத்தா பேரு பாப்பா. இண்டி பேரு இல்ல.”

“பெத்திண்டி மட்டும் எங்க வீடா சார்? நான் ஒத்துக்கல. வேணும்னா ஓரத்துல அப்படியே எழுதிக்கோங்க. வெயில்லயும் நிக்கிறேன்.”

கம்ப்யூட்டரில் எழுத ஓரம் இல்லை. ஹரிபாபு பெருமூச்சு விட்டார். கோவர்த்தனன் என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கம்ப்யூட்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் நகர்ந்தது.

எத்திராஜ் கழுத்து அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“பேரு மாத்துற பாரம் எனக்கும் ஒண்ணு குடுங்க சார்.”

இருந்தது ஒரே படிவம். அதை ஜெராக்ஸ் எடுக்க ஹரிபாபு கிளம்பினார். வெளியே போகத்தான் வழியில்லை. வாசலில் எங்கள் தெருவே ஆளுக்கொரு படிவம் கேட்டு வந்து நின்றிருந்தது.

விஷயம் அவ்வளவு சீக்கிரம் எப்படிப் பரவியது என்று என்னைக் கேட்காதீர்கள்.