பெயரிலிக்குத் திறந்த பலகை

"நாளைக்குக் காலையில எனக்கு வேலை போயிரும் டீச்சர்," என்றாள் சுலக்ஷனா, உட்காருவதற்கு முன்பே.

ஹட்டனில் மாலைக் கணினி வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. கிளம்பக் குடையை எடுத்த சுகிர்தம் டீச்சர் அதைத் திரும்பச் சுவரில் சாய்த்தார். மாணவன் நிரஞ்சன் அவசரமாகக் கொப்பியைத் திறந்தான். டீச்சர் இதற்கு முன் அவிழ்த்த இரண்டு சிக்கல்களிலும் குறிப்பு எழுதியவன் அவன். இரண்டிலும் அவன் ஊகம் பிழைத்தது.

டீச்சரிடம் முன்பு படித்த சுலக்ஷனாவுக்கு அக்கரப்பத்தனையில், லயம் எனப்படும் பழைய வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளருக்குப் புது வீடு கட்டும் ஒரு தோட்ட வீடமைப்புத் திட்டத்தில் வேலை. அங்கே எல்லா வேலைகளையும் ஓர் இணையப் பலகையில் பதிவார்கள்: என்ன வேலை, யார் பொறுப்பு. திங்களன்று மேலாளர் ஜெரோமி போட்ட பதிவு ஒன்று, புதன் காலை தொழிலாளர் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தின் சுவரில், கையால் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. அவள் கைப்பேசியில் படத்தைக் காட்டினாள்.

'மூணாம் லயம். மேலே மண் வெடிப்பு. ஆறு குடும்பங்களை மாற்ற வேண்டும். இப்போதைக்கு அவர்களிடம் சொல்ல வேண்டாம். பொறுப்பு: மறைக்கப்பட்டது.'

"செவ்வாக்கிழமை பலகைக்குள்ள போனது நான் ஒருத்திதான்னு பதிவேடு காட்டுது. நான்தான் வெளிய சொன்னேங்கிறாரு."

"உன் திரையில பொறுப்புன்னு யார் பேரும்மா இருக்கு?"

"என் பேருதான் டீச்சர்." மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். இருந்தது.

நிரஞ்சன் துள்ளினான். "அப்ப தப்பிக்கிறதுக்காக அவங்களே தன் பேர மறைச்சு எழுதியிருக்காங்க!"

"தம்பி, நீ யாரு பக்கம்?" என்றாள் சுலக்ஷனா.

அவன் கொப்பியில் எழுதியதை மெல்லக் கோடிட்டு அடித்தான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மூவரும் போய் இறங்கினார்கள். திட்ட அலுவலக வாசலில் மூணாம் லயத்து ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். டீச்சர் நேரே உள்ளே போகவில்லை. வீடு கட்டும் இடத்துப் பெயர்ப்பலகை முன் நின்று, அதிலிருந்த கறுப்பு வெள்ளைச் சதுரக் குறியீட்டை (QR) நிரஞ்சனின் கைப்பேசியால் படம்பிடிக்கச் சொன்னார். பிறகுதான் ஜெரோமியின் அறைக்குப் போனார்.

"சார், இந்தப் பையனுக்கு உங்க பலகையில கணக்கு இல்ல, பாஸ்வேர்டும் இல்ல. இதப் பாருங்க."

அந்தச் சதுரம் கைப்பேசியில் திறந்துவிட்ட பக்கத்தில் அதே பதிவு. கீழே: 'பொறுப்பு: மறைக்கப்பட்டது.'

"கணக்கு உள்ளவங்களுக்குப் பேர் தெரியும். பெயரிலியாப் பாக்கிறவங்களுக்கு மென்பொருள் பேர மறைச்சிரும். சுவத்துல ஒட்டினவங்க பாத்தது இந்தப் பக்கத்த. பெயரிலியா வந்தா பதிவேட்டுலயும் பேர் விழாது. அந்த அனுமதியக் குடுத்தது யாரு?"

ஜெரோமி தன் கணினியில் அனுமதிப் பக்கத்தைத் திறந்தார். "நன்கொடை குடுக்கிறவங்க கணக்கில்லாமப் பாக்கணும்னாங்க. பார்வை மட்டுந்தானே, யாரும் ஒண்ணும் மாத்த ஏலாதேன்னு..."

"மாத்த ஏலாது சார். வாசிக்க ஏலும். கட்டட வேலைக்கு மட்டும் போட வேண்டிய அனுமதிய மொத்தப் பலகைக்கும் போட்டுட்டீங்க."

"நான்தாங்க எழுதி ஒட்டுனேன்," என்றது வாசலில் ஒரு குரல். கொழுந்து பறிக்கும் ராக்காயி. மூணாம் லயத்தில் குடியிருப்பவள். "அந்தச் சதுரத்தப் படம்பிடிச்சு, எங்க வீடு எப்ப முடியும்னு தெனமும் பாப்பேன். பெரட்டுல ஆள் பேர் சொல்லாம ஒரு வேலையும் குடுக்க மாட்டாங்க. அதான் பேரு இருக்கவேண்டிய எடத்துல இருந்ததையும் விடாம எழுதுனேன்."

நிரஞ்சனின் பேனா நின்றது. அந்த வரியை அவன் எத்தனை முறை வாசித்திருந்தான்!

ஜெரோமியின் கை அனுமதியை நீக்கும் பொத்தானுக்குப் போனது.

"அத மூடிட்டா வெடிப்பும் மூடிருமாங்க?" என்றாள் ராக்காயி.

கை நின்றது.

"சுலக்ஷனா, வேலைநீக்கக் கடிதம் எழுதி வச்சிருந்தேன்," என்றார் ஜெரோமி கடைசியில். "இனி அனுப்ப மாட்டேன். மன்னிச்சிருங்க."

"அது பொறகு சார்." அவள் மடிக்கணினியை மேசைமேல் திறந்தாள். 'சொல்ல வேண்டாம்' என்ற வரியை அழித்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அந்த இடத்தில் புது வரி ஒன்றைத் தட்டினாள்.

வாசலில் ராக்காயி தன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து உரக்க வாசித்தாள்: "ஆறு குடும்பமும் இன்னைக்குப் பகல் பன்னெண்டுக்குள்ள பாடசாலை மண்டபத்துக்கு!"

வாசித்து முடிப்பதற்குள் பாதிப்பேர் லயத்தை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தார்கள்.