மோட்டர் நின்ற நேரம்

காலை ஆறரை மணி. சுன்னாகத்துக்கு அருகே ஒரு தோட்டக்காணி. அலறல் கேட்டு ஆட்கள் ஓடி வந்தபோது, கிணற்றடியில் கனகாம்பிகை செத்துக் கிடந்தாள். ஒரு கையில் பாதி பிழிந்த சேலை. மற்றக் கையின் உள்ளங்கையில் ஒரு சிறு கொப்புளம். வேறு காயமில்லை.

1983, மாசி மாதம். மின்கட்டணம் மறுபடியும் ஏறியிருந்தது. அவளுடைய கணவன் தம்பிராசா, வீட்டில் ஒரு பல்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கழற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்த மனிதன். கறண்ட் பில்லுக்காக அன்று விடியவே இருவரும் சண்டை பிடித்ததை அயல் முழுக்கக் கேட்டிருந்தது. ஊருக்கு இது போதாதா? தேத்தண்ணிக்குள் நஞ்சு என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். பொலிஸ் சார்ஜன்ட் தம்பிராசாவை ஜீப்படியில் இருத்திவிட்டார். இனிக் கொலைக் கேஸ்தான்.

ஒன்பது மணிக்குத் திடீர் மரண விசாரணை அதிகாரி நேசையா சைக்கிளில் வந்தார். யார் அழுதாலும் முகம் மாறாதவர். ஊருக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்காது.

"என்ன சண்டை?"

"பில் ஏறிப்போச்சு எண்டு நான் கத்தினனான் ஐயா," என்றான் தம்பிராசா. "அடுத்த வளவிலை தன்ரை அண்ணைக்கு நாள் முழுக்க மோட்டர் ஓடியும் பில் பாதியாக் குறைஞ்சிருக்கு, எங்களுக்கு மட்டும் ஏன் ஏறுது எண்டு கேட்டாள்."

"தேத்தண்ணி குடிச்சவவோ?"

"கோவத்திலை தொடவேயில்லை."

நேசையா குசினிக்குள் எட்டிப் பார்த்தார். கோப்பை நிரம்பியபடி ஆறிக் கிடந்தது. அப்படியானால் நஞ்சுக் கதை பொய்.

அடுத்த வளவு, அவளுடைய தமையன் நமசிவாயத்தினுடையது. வெங்காயத்துக்கு மோட்டரால் நீர் இறைப்பவர். தங்கையின் தலைமாட்டில் இருந்துகொண்டு, "உவன்தான் ஐயா! உவனை விடாதேங்கோ!" என்று ஓயாமல் தம்பிராசாவைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இவ கத்தின சத்தம் கேட்டு ஆர் முதல் வந்தது?"

"நான் ஐயா," என்றாள் அயல்காரி குணலட்சுமி. "நமசிவாயம் அண்ணையின்ரை வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாத் தண்ணி மாறிக்கொண்டு நிண்டனான். இவ கத்தின கையோடை வாய்க்காலிலை தண்ணி நிண்டிட்டுது. நான் வேலியைப் பிரிச்சுக்கொண்டு ஓடி வந்தனான். அண்ணை பிறகுதான் வந்தவர்."

நேசையா கிணற்றைச் சுற்றி நடந்தார். வேலிக்கரையில், குளித்த நீர் ஊறிய மண்ணிலிருந்து ஒரு சாண் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி மண்புழுக்கள் வெளியே வந்து செத்துக் கிடந்தன. காகங்கள் அவற்றைக் கொத்திக்கொண்டிருந்தன.

"நமசிவாயம், தங்கச்சி கத்தேக்கை எங்கை நிண்டனீங்கள்?"

"மோட்டர்க் கொட்டிலடியிலை. விழுந்தடிச்சு ஓடி வந்தனான்."

"மோட்டரை நிப்பாட்டிப்போட்டு."

நமசிவாயத்தின் கண் வேலிக்கரைக் குழாய்க்குப் போய் வந்தது.

"சார்ஜன்ட், உந்தக் குழாயடியைக் கிண்டுங்கோ."

ஓரடி ஆழத்தில் வயர் வந்தது. அது வேலிக்குக் கீழாகப் போய் நமசிவாயத்தின் மோட்டர்க் கொட்டிலில் ஏறியது.

"மீற்றர் ஓடாமல் மோட்டர் ஓடவேணும் எண்டு மோட்டராலை திரும்பி வாற கறண்டை மீற்றருக்குக் குடுக்காமல் நிலத்துக்குள்ளை விட்டிருக்கிறியள்," என்றார் நேசையா. "உங்கடை கொட்டிலடி காய்ஞ்ச மண். ஈரத்துக்காகத் தங்கச்சியின்ரை கிணத்தடியிலை குழாயை இறக்கினனீங்கள். புழுவெல்லாம் அந்தக் கறண்டுக்குத்தான் வெளியிலை வந்தது. அவ ஈரக் காலோடை குழாயிலை கை வைச்சிட்டா. கத்தினது பாம்புக்கோ, வழுக்கி விழுந்தோ, ஒருத்தருக்கும் தெரியாது. தமையன் எண்டால் நேரை தங்கச்சியிட்டை ஓடவேணும். நீங்கள் முதலிலை சுவிச்சடிக்கு ஓடினனீங்கள். என்ன நடந்தது எண்டு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"பில்லைக் குறைக்கத்தான் ஐயா செய்தனான்," நமசிவாயம் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். "அவள் அதிலை கை வைப்பாள் எண்டு நினைக்கேல்லை."

தம்பிராசா மெல்ல எழுந்து வந்தான். அவன் குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது.

"நீங்கள் நினைச்சுச் செய்யேல்லை மச்சான். அதை நான் நம்புறன். ஆனால் 'உவன்தான்' எண்டு என்னைக் காட்டினனீங்களே, அதை நினைச்சுத்தானே செய்தனீங்கள்?"

சார்ஜன்ட் வந்து நமசிவாயத்தின் தோளில் கை வைத்தார்.