விருந்தாளிக்கு ஒரு கட்டளை

“ஸ்டாப்! டோன்ட் மூவ்!”

கையிலிருந்த ஹோட்டல் துண்டுகளை மணலில் போட்டுவிட்டு நிஸ்ரீன் கத்திய கத்தலில், அகபா கடற்கரையில் வெயில் காய்ந்த வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள். முழங்கால் தண்ணீரில் செருப்பில்லாமல் நடந்தவன், தூக்கிய காலைத் தூக்கியபடியே திரும்பினான்.

அந்தக் கண்கள்... தேன் நிறம். இவ்வளவு பெரிய கண்ணை வைத்துக்கொண்டு காலடியைப் பார்க்கத் தெரியவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்கு ஓர் எட்டு முன்னால், பாசி படிந்த கல்லைப் போலக் கல்மீன் கிடந்தது. முதுகு முள்ளெல்லாம் விஷம். அதை மிதித்துவிட்டு அவள் வாப்பா ஒரு வருஷம் நொண்டியிருக்கிறார்.

“கம் அவுட்.”

வந்தான். “நம்ம பாஷையிலேயே அதட்டலாங்க. நானும் இந்த நாட்டு இர்பித்காரன்தான்” என்று அரபியில் சிரித்தான். அவள் மீனைக் காட்ட வாயெடுப்பதற்குள் ஹோட்டல் மேலாளர் வாஸிஃப் ஓடி வந்துவிட்டார்.

“ஆட்டை விரட்டற மாதிரி விரட்டறியே, விருந்தாளிங்க காதுல விழாதா?” என்று அவளை ஏசிவிட்டு, அவனைத் தோளில் கைபோட்டு அழைத்துப்போனார்.

அன்று மாலை ஊழியர்களின் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனால்... பலகை முன்னால் அவன். புது உஸ்தாதாம், அதாவது ஆசிரியர். பெயர் ஃபிராஸ்.

“கட்டளை வாக்கியம் ரொம்பச் சுலபம். வினைச்சொல்லுல ஆரம்பிச்சா போதும், யாரைச் சொல்றோம்னுகூடச் சொல்ல வேண்டாம். ஆனா விருந்தாளி கிட்ட மட்டும் கூடாது. தயவுசெய்துன்னு ஆரம்பிச்சு, கேள்வியாத்தான் கேக்கணும். உதாரணத்துக்கு, இன்னைக்குக் காலையில எனக்குக் கெடச்சது...”

அவள் சொன்ன சொற்களையே பலகையில் எழுதி, மேலே ‘கூடாது’ என்று போட்டான். வகுப்பில் இருந்த பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். உயிரைக் காப்பாற்றியவளுக்கு இதுவா கூலி? நீங்களே சொல்லுங்கள், இது எந்த ஊர் நியாயம்?

நிஸ்ரீன் எழுந்தாள். “உஸ்தாத், விருந்தாளிங்க எங்களைக் கொண்டா, துடை, தூக்குன்னு சொல்லலாம். நாங்க நில்லுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, அப்படித்தானே?”

“அது வந்து...”

“‘ஐயா, சிரமம் இல்லேன்னா காலை வேற எடத்துல வைக்கலாமா’ன்னு நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள, கல்மீன் உங்க காலைப் பதம் பார்த்திருக்கும். தண்ணி வத்தினதும் போய்ப் பாருங்க.”

கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாளே வாஸிஃப் அவளைத் துணி வெளுக்கும் அறைக்குத் தள்ளினார். கத்தியதற்கும் உஸ்தாதை எதிர்த்துப் பேசியதற்கும் வியாழக்கிழமைக்குள் மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், இல்லையென்றால் வேலை கிடையாது.

“செய்யாத தப்புக்கு எதுக்கு மன்னிப்பு? வேலை போனா போகட்டும், எழுத மாட்டேன்” என்றாள் தோழி ஹனானிடம். சொன்னாளே தவிர, வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது. அந்தக் கவலை போதாதென்று, வெந்நீர் ஆவிக்கு நடுவே அந்தத் தேன் கண்கள் வேறு... வெட்கங்கெட்ட மனசு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வியாழன் மாலை, மேல்மாடி வகுப்பறையிலிருந்து கூட்டமாக ஒரு சத்தம். “ஸ்டாப்! டோன்ட் மூவ்!”

ஹனான் மூச்சு வாங்க இறங்கி வந்தாள். “புள்ள, உஸ்தாத் கல்மீனைப் பார்த்துட்டாராம். ‘கூடாது’வை அழிச்சிட்டு எங்க எல்லாரையும் கத்தச் சொல்றாரு. உன்னைத் திரும்பக் கடற்கரைக்கு அனுப்பலேன்னா தானும் பொட்டியைக் கட்டறேன்னாரு. வாஸிஃபும் ஒத்துக்கிட்டாரு. இந்தா, மன்னிப்புக் கடிதம். உஸ்தாத் உனக்கு எழுதினது.”

“பன்னெண்டு பேர் முன்னாடி சிரிக்க வெச்சிட்டு, மன்னிப்பு மட்டும் ரகசியமா? திருப்பிக் குடுத்துடு.”

பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் ராத்திரி முழுக்க, அதில் என்ன எழுதியிருப்பானோ என்று தவித்தாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவள் வீட்டு வாசலில் ஃபிராஸ், தன் தாய்மாமாவோடு. வாப்பா உட்காரவைத்தார். நிஸ்ரீன் காய்ச்சிய கசப்புக் காப்பியை ஊற்றிக் கொடுத்தார். ஃபிராஸ் கிண்ணத்தைத் தொடாமல் கீழே வைத்தான். மாமாவும் வைத்தார். வேண்டுதலோடு வந்தவர்கள் அப்படித்தான். வீட்டார் சம்மதித்து ‘குடிங்க’ என்று சொல்கிறவரை வாயில் படாது.

கதவுக்குப் பின்னால் அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

“என்ன வேணும், தம்பி?”

“உங்க பொண்ணு என்னை மன்னிக்கணும். என் காலைக் காப்பாத்தினவளைப் பலகையில எழுதிக் கேலி பண்ணிட்டேன். மன்னிப்பை நாலு பேர் முன்னாடிதான் கேக்கணும். அப்புறம்...” காது சிவந்தது. “அவ நில்லுன்னு சொன்ன எடத்துலயே நிக்கறேன், ஐயா. எனக்கு அவளை ரொம்பப் பிடிச்சிருக்கு. கட்டிக்க ஆசைப்படறேன்.”

வாப்பா தாடியைத் தடவினார். “கோவம் அவளோடது. பதிலும் அவளே சொல்லட்டும்.”

நிஸ்ரீன் வெளியே வந்தாள். “எதுக்குக் கத்தினேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருக்கணும்.”

“வேலை போயிருந்தா?”

அந்தக் கண்கள் இப்போது காலடியையே பார்த்துக்கொண்டிருந்தன.

“நிமிந்து பாருங்க.”

நிமிர்ந்தான். கண்கள் நனைந்திருந்தன.

“விருந்தாளி கிட்ட தயவுசெய்துன்னு ஆரம்பிக்கணும்னீங்க... எனக்கு அதெல்லாம் வராது, உஸ்தாத்.”

“வர வேண்டாம்” என்றான் மெதுவாக.

அவள் குனிந்து கிண்ணத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“குடிங்க... ஆறிப்போகுது.”