இதோ வந்துட்டோம்

வாடகைக்குக் கார் எடுக்க வருகிறவர்களிடம் அல்வினா பதினெட்டு வருடமாக ஒரே பேச்சைத்தான் பேசுகிறாள். சரளைச் சாலையில் எண்பதுக்கு மேல் போகாதீர்கள். பட்டப்பகலிலும் முன்விளக்கு எரியட்டும். பெட்ரோல் பங்கைக் கண்டால், டேங்கில் பாதி இருந்தாலும் நிறுத்தி நிரப்புங்கள். பொழுது சாய்ந்தபின் ஓட்டாதீர்கள், மான் குறுக்கே பாயும். வண்டி நின்றுபோனால் நடக்கக் கிளம்பாதீர்கள், வண்டியோடு இருங்கள். தண்ணீரைச் சேமிக்காதீர்கள், குடியுங்கள். அந்தப் பாலைவன நாட்டின் தலைநகரான விண்ட்ஹூக்கில் விமானம் விட்டிறங்கி, தூக்கக் கலக்கத்தோடு வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். பாதிகூடக் காதில் ஏறாது என்று அவளுக்குத் தெரியும். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே கொட்டாவி வந்துவிடும்.

முன்பெல்லாம் கடைசியில் ஒன்று சேர்ப்பாள். "ஏதாவது ஆச்சுன்னா போன் பண்ணுங்க. இதோ வந்துடுவோம்." போன பிப்ரவரியோடு அதை விட்டுவிட்டாள்.

அந்தப் பிப்ரவரியில் மரைக்கே என்ற டச்சுக்காரி தனியாகத் தெற்கே போனாள். இரண்டு டயரும் கிழிந்து நின்றபோது சாட்டிலைட் போனில் கூப்பிட்டாள். "இதோ வந்துட்டோம்மா" என்றாள் அல்வினா. அந்த நாட்டில் 'இதோ' என்றால் மத்தியானமாக இருக்கலாம், சாயங்காலமாக இருக்கலாம், நாளையாகவும் இருக்கலாம். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் அதைக் கேட்டால் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, அடுத்து வருகிற வண்டியில் தொற்றிக்கொள்வார்கள். மரைக்கே அதை அப்படியே நம்பினாள். அந்த வழியாக வந்த ஆட்டுப் பண்ணைக்காரர் யெஃப்தா ஏறச் சொன்னதற்கு, "வேண்டாம், இதோ வந்துடுவாங்க" என்றாளாம். மீட்பு வண்டி ஓட்டுகிற கவாரி அப்போது வடக்கே வேறு வேலையில் இருந்தான். அவன் போய்ச் சேர இரண்டு நாள் ஆயிற்று. அவள் பின் சீட்டில் உயிரில்லாமல் மடங்கிக் கிடந்தாள். சேமித்து வைத்த தண்ணீர் கேனில் பாதி இருந்தது.

யாரும் அல்வினாவைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

இந்த ஜனவரியில் ஒரு நாள், காலை ஏழு மணிக்கு ஆபீஸைத் திறந்து, வாடகைக் கார்கள் நிற்கிற இடத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்தாள். போலந்துக்காரத் தம்பதி எடுத்துப் போன கார் நேற்று மத்தியானத்திலிருந்து நகரவில்லை. அதே சாலை. கிட்டத்தட்ட அதே இடம்.

போனை எடுத்தவள் மனைவி யாட்விகா.

"ஆபீஸ்லேர்ந்து அல்வினா பேசறேன்மா. என்னாச்சு?"

"அச்சு முறிஞ்சிடுச்சு. பரவாயில்ல, காத்துக்கிட்டுதான் இருக்கோம்." நாக்கு குழறியது. "இதோ வந்துடறோம்னு சொன்னீங்களே."

"நான் எப்பம்மா சொன்னேன்?"



"நேத்துலேர்ந்து சொல்லிக்கிட்டே இருக்கீங்க."

லைன் அறுந்தது. மறுபடி கிடைக்கவில்லை.

அல்வினா போலீஸுக்குச் சொன்னாள். அவர்களும் இதோ என்றார்கள். பிறகு யெஃப்தாவைக் கூப்பிட்டாள். அவருடைய பண்ணை அங்கிருந்து இருபது கிலோமீட்டர். போய் அந்த இருவரையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னாள். ஒன்றரை மணி நேரம் கழித்து அவரே வீட்டிலிருந்து கூப்பிட்டார்.

"ஏம்மா அல்வினா, கெழவனை வெயில்ல அலைய விடறதுல உனக்கென்ன சந்தோஷம்? நீதான் அங்கேயே இருக்கியே."

"என்னண்ணே சொல்றீங்க?"

"பின் சீட்டுல இருந்து நீதானம்மா பேசின. கண்ணாடியெல்லாம் புழுதி, ஆளு தெரியல. அவங்க ரெண்டு பேரும் ஏறத்தான் எழுந்தாங்க. வேண்டாம், இதோ வந்துடுவாங்கன்னு நீதான் உக்கார வச்ச. சரி, ஆபீஸ் ஆளே இருக்காங்கன்னு திரும்பிட்டேன்."

"அண்ணே, இப்ப எந்த நம்பருக்குக் கூப்பிட்டீங்க?"



"விண்ட்ஹூக் ஆபீஸ் நம்பர்" என்றார், மெதுவாக.

"திரும்பப் போங்கண்ணே. கையைப் பிடிச்சு இழுத்தாவது ஏத்துங்க."

"என்னால முடியாதும்மா. அந்தப் பொண்ணையும் நான்தான் விட்டுட்டு வந்தேன்."

கவாரி டீசல் நிரப்பிக்கொண்டிருந்தான். அல்வினா போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்குக்கா? ராத்திரி முழுக்கத் தூங்காத மூஞ்சியா இருக்கு."

"ஓட்டுடா."

நாலரை மணி நேரம். தார்ச்சாலை முடிந்து சரளை தொடங்கியதும் பல்லெல்லாம் கிடுகிடுத்தது. கவாரி உப்புக்கண்டத்தை மென்றுகொண்டு, எண்பதைத் தாண்டி நூற்றுப்பத்தில் ஓட்டினான். அவள் தடுக்கவில்லை. அந்த இரண்டு பேர் உயிரோடு கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குமேல் யோசிக்க உடம்பில் தெம்பில்லை. வெளியே மஞ்சள் புல், அதற்கப்பால் சிவந்த மணல், மேலே ஒரு மேகம்கூட இல்லை.

ஒன்றரை மணிக்குக் காரைக் கண்டார்கள்.

கதவுகள் சாத்தியிருந்தன. பின் கண்ணாடி மட்டும் நான்கு விரல் இறங்கியிருந்தது.

யாட்விகா முன் சீட்டில் கண்ணை மூடிக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. கணவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்தார். இருவருக்கும் மூச்சிருந்தது. காலடியில் இரண்டு கேன் தண்ணீர், மூடிகூடத் திறக்காமல்.

பின் சீட்டு காலி.

அல்வினா யாட்விகாவின் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். "ஏன்மா குடிக்கல?"

"நீங்கதான் சேமிக்கச் சொன்னீங்க" என்று முனகினாள் அவள்.

இருவரையும் தூக்கி மீட்பு வண்டியின் பின் சீட்டில் ஒருவரையும், முன் சீட்டைச் சாய்த்து ஒருவரையும் படுக்க வைத்தார்கள். மருத்துவமனை ஒன்றரை மணி நேரத் தூரம். இனி உட்கார இடமில்லை.

"பின்னால தொட்டியில டயருங்க மேல ஏறிக்கக்கா" என்றான் கவாரி.

"இந்த வேகத்துல அதுல உக்காந்தா நானும் ஆஸ்பத்திரிதான். நீ போ. நான் வண்டியோட இருக்கேன்."

"இங்கயா?"

"ஒரு வருஷமா இங்க ஒருத்தி காத்துக்கிட்டு இருக்கா. அவகிட்ட பேசணும்."

கவாரி அவளையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான். வாயைத் திறந்தவன், சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டான். "அஞ்சு மணிக்கு வர்றேன். அஞ்சேகாலுக்குள்ள" என்று மணியைக் குறிப்பிட்டே சொல்லிவிட்டுப் போனான்.

அல்வினா காரின் நிழலில், பின் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். காற்றே இல்லை. சூடேறிய ரப்பர் வாசனை. அதனூடே வெயிலில் வைத்த முகக் கிரீமின் வாசனை ஒன்று, விட்டு விட்டு வந்துபோனது.

"மரைக்கே, தப்பு என்னோடதுதான்மா" என்றாள். "எங்க வாய்ல அப்படித்தான் வரும். அர்த்தமே இல்லாம வரும். நீ நம்புவேன்னு நான் நெனக்கல. உன்னை நெனச்சு நான் தூங்கி நாளாச்சு. அவங்களை விட்டுடு. இனிமே யாரையும் பிடிச்சு வைக்காத."

சொல்லும்போதே அழுகை வந்தது. அதை அடக்கக்கூட அலுப்பாக இருந்ததால் அழுது தீர்த்தாள். காரிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. மனது லேசானது போலத் தோன்றியது. கேட்டுக்கொண்டாள் என்றே நினைத்தாள்.

மூன்றரை மணிக்கு மேற்கே புழுதி கிளம்பியது. யெஃப்தாவின் பழைய பிக்கப். மனசாட்சி அவரை வீட்டில் உட்கார விடவில்லை போலும். சாலையின் எதிர் ஓரத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"அல்வினாவா? நிஜமாவே நீதானா?"

அவள் கையை உயர்த்தினாள்.

"அவங்க ரெண்டு பேரும்?"

"ஆஸ்பத்திரிக்குப் போயாச்சுண்ணே. பிழைச்சுக்குவாங்க."

"கர்த்தர் காப்பாத்தினாரு. வாம்மா, ஏறு. வீட்டுல வந்து ஒரு வாய் காபி குடி."

அல்வினா தரையில் கையை ஊன்றி எழுந்தாள். வீடு, நிழல், காபி. வரேன்ணே என்று சொல்ல வாயெடுத்தாள். காய்ந்த தொண்டையில் வார்த்தை ஒட்டிக்கொண்டது.

"வேண்டாம்ணே. இதோ வந்துடுவாங்க."

அவள் குரல்தான்.

அவள் தலைக்கு மேலிருந்து, நான்கு விரல் இறங்கிய கண்ணாடி வழியாக வந்தது.

காலையில் ஏமாந்த யெஃப்தாவுக்கு இப்போது சந்தேகமே வரவில்லை. அல்வினாதான் கண்ணெதிரே நிற்கிறாளே. அவர் முகம் தெளிந்தது. "உன் இஷ்டம்மா" என்று கையசைத்துவிட்டுக் கியரைப் போட்டார். அவள் ஓடினாள். இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு சாலையின் நடுவே ஓடினாள். புழுதிக்குள் அவரும் கையை ஆட்டிக்கொண்டே போனார்.

புழுதி அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவள் திரும்பிப் பார்த்தபோது காரின் பின் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ நகர்ந்து இடம் விட்டது போல, கார் மெல்ல ஒருமுறை ஆடி நின்றது.