இன்னும் பேசாதவர்கள்

அந்தி மயங்கும் நேரத்தில் அவள் கலந்துரையாடல் அறைக்குள் நுழைந்தபோது நாற்காலிகள் ஏற்கெனவே வட்டமாகப் போடப்பட்டிருந்தன. ஒன்று கூடுதலாக இருந்தது. அதைச் சுவரோரம் நகர்த்தினாள். சரியாகத்தான் எண்ணினோமா என்று உறுத்தவே, மறுபடி எண்ணினாள். வகுப்பில் அவளுக்குப் பெயரே 'சந்தேகம்' என்றுதான்.

சமூக அறிவியல் மட்டுமே சொல்லித்தரும் தனியார் பல்கலைக்கழகம் அது. பகல் வகுப்பில் விடுதிப் பிள்ளைகள், மாலை வகுப்பில் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டிலும் பல நாட்டு முகங்கள். அந்த அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அவரவர் முகம்தான் தெரியும். அதன் பின்னால் இருட்டில் அமர்ந்திருக்கும் பேராசிரியருக்கோ எல்லாருமே தெரிவார்கள்.

மாலை வகுப்பை மூட நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. மாணவர்களைக் கேட்டுத்தான் செய்தோம் என்று காட்டுவதற்கு ஒரு கலந்துரையாடல் வேண்டும். அதை நடத்துவதுதான் அவளுடைய செய்முறைத் தேர்வு. பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்றால்தான் அவள் வீட்டில் அடுப்பெரியும். மாலை வகுப்பு போனால் படிப்பும் அதோடு சரி.

"இன்னைக்காவது கேட்டதையே திருப்பிக் கேக்காம சீக்கிரம் முடிச்சு விடுடி. எனக்கு நைட் டியூட்டி இருக்கு," என்றபடி நர்ஸ் அக்கா வந்து உட்கார்ந்தாள்.

"இங்கே ஈரப் பஞ்சின் வாசனை வீசுகிறதே, கவனித்தீர்களா?" என்றான் அகராதி. கடல் கடந்து படிக்க வந்தவன். மொழியைப் புத்தகத்திலிருந்தே கற்றுக்கொண்டதால் எப்போதும் அச்சடித்த மாதிரியே பேசுவான்.

"ஆலைக்காரம்மா வந்திருப்பாங்க தம்பி. டீ சொல்லட்டுமா?" என்றார் டாக்சி ஓட்டும் அண்ணன்.

எல்லாரும் சிரித்தார்கள். புதிதாகச் சேருகிறவர்களை மிரட்டுவதற்காகவே வைத்திருந்த கதை அது. அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் நூற்பாலை. ஆலையை இழுத்து மூடியபோது தொழிலாளர்கள் எல்லாருக்கும் சம்மதம் என்று அறிவித்தார்களாம். ஒருத்தியை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவள் எழுந்து வெளியே வரவும் இல்லை. உள்ளே ஆள் இருப்பது தெரியாமலே பூட்டிவிட்டார்கள். அங்கேயே செத்துப்போனாளாம்.

சந்தேகம் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள். மாலை வகுப்பை மூடச் சம்மதமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள்.

நர்ஸ் அக்கா கண்ணாடியை ஓரக்கண்ணால் பார்த்தாள். "சம்மதம்தான்."

"எனக்கென்னம்மா, சம்மதம்," என்றார் டாக்சி அண்ணன், தரையைப் பார்த்தபடி.

அகராதியின் விசா நீட்டிப்புக்கு நிர்வாகத்தின் கையெழுத்து வேண்டும். "ஆட்சேபணை ஏதுமில்லை," என்றான்.

மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

"அருமை. அப்படியே முடிச்சிடும்மா," என்று காதுக்குள் பேராசிரியர் குரல் வந்தது.

அவளுக்குத்தான் எதையும் பாதியில் விட வராதே. முடிப்பதற்கு முன் கடைசியாக ஒன்று கேட்டாக வேண்டும், கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது அவரே சொல்லிக்கொடுத்த முறை. யாராவது பேசும்வரை மௌனத்தைக் கலைக்கக் கூடாது. அதை விட்டால் மதிப்பெண் குறையுமோ என்று பயந்து, பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"இன்னும் பேசாதவங்க யாராவது இருக்கீங்களா?"

காத்திருந்தாள்.

சுவரோரம் ஓர் இருமல் கேட்டது. நுரையீரல் முழுக்கப் பஞ்சு அடைத்தவர்களின் வறண்ட, நீண்ட இருமல்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்காலியின் கால்கள் தரையில் மெல்ல உரசின. அவள் ஒதுக்கி வைத்த நாற்காலி வட்டத்துக்குள் வந்து நின்றது.

அதில் ஒருவரும் இல்லை. ஆனால் ஆள் உட்கார்ந்ததைப் போல இருக்கை அமுங்கியது.

"எனக்குச் சம்மதம் இல்ல."

நர்ஸ் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். விளக்கு மங்கியது. எந்திர எண்ணெயும் நனைந்த பஞ்சும் கலந்த நாற்றம் தொண்டையை அடைத்தது.

"யாரு அது? சரி விடு, அதெல்லாம் கணக்குல வராது. முடி!" என்றார் பேராசிரியர்.

சந்தேகத்துக்கு ஓடிவிடலாம் என்றுதான் கால் துடித்தது. ஆனால் 'கணக்குல வராது' என்ற சொல் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. கண்ணாடியை நேராகப் பார்த்தாள்.

"வரும் சார். இங்க உக்காந்து பேசினவங்க எல்லாருமே கணக்குல வருவாங்க. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"நீ பாஸ் பண்ணணுமா, வேண்டாமா?"

அவள் இயர்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். குரல் நடுங்கவில்லை.

"மறுபடியும் முதல்லேர்ந்து கேக்கிறேன். பயப்படாம சொல்லுங்க."

நர்ஸ் அக்கா நிமிர்ந்தாள். "டியூட்டிக்கு லேட்டானா ஆகட்டும். எனக்கும் சம்மதம் இல்லடி."

"செத்தவங்களுக்கு இருக்கிற துணிச்சல்கூட எனக்கு இல்லாமப் போச்சே," என்றார் டாக்சி அண்ணன். "சம்மதம் இல்ல. போதுமா?"

அகராதி கண்களை இறுக மூடிக்கொண்டான். புத்தகப் பேச்சு எங்கோ போய்விட்டது. "எனக்கும் வேணாம். மூடக் கூடாது."

வட்டம் முழுக்க அதே பதில் சுற்றி வந்தது. கடைசிக் குரல் அடங்கியதும் காலி நாற்காலியின் இருக்கை மெல்ல மேலெழுந்தது.

அடுத்த நொடி கண்ணாடியின் மறுபக்கம் யாரோ படபடவென்று அறைந்தார்கள்.

பக்கத்துக் கதவு திறந்து பேராசிரியர் தடுமாறி வெளியே வந்தார். தலையிலும் தோளிலும் வெண்பஞ்சு படிந்திருந்தது. "என் பக்கத்துல... வந்து உக்காந்து..." என்றவர் இருமிக்கொண்டே இருந்தார்.

மறு வாரம் நிர்வாகக் குழு அவளைக் கூப்பிட்டனுப்பியது. குழு கூடும் இடம் போன வருடம் எழுப்பிய புதுக் கட்டடம். பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. ஆலைக்கும் அந்த மண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. 'ஒருவருக்கும் சம்மதம் இல்லை' என்று அவள் சொல்லத் தொடங்கியதும் இயக்குநர் பாதியிலேயே கையமர்த்தினார்.

"பசங்க ஆயிரம் சொல்லுவாங்க. இந்த ரூம்ல இருக்கிற எல்லாருக்கும் சம்மதம்தானே?"

மேசையைச் சுற்றித் தலைகள் ஆடின. அவள் வழக்கம்போல் நாற்காலிகளை எண்ணினாள். ஒன்று கூடுதலாக இருந்தது.

இந்த முறை அவள் திரும்ப எண்ணவில்லை.

"ஒரு நிமிஷம் சார்," என்று எழுந்து நின்றாள். "இன்னும் பேசாதவங்க இருந்தா, பேசட்டும்."

ஏ.சி. குளிரில் ஈரப் பஞ்சின் வாசனை மெல்லப் பரவியது. இயக்குநருக்குப் பின்னால், மிக அருகில், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.