வருடம் தவறாத சுண்ணாம்பு

மண்டபத்தின் வாசல்பக்கச் சுவரின் உட்புறம் மட்டும் ஈரமாக இருந்தது. கச்சான் காற்று மூன்று வாரமாக மலையைக் காயப்போட்டு, தேயிலைக் கொழுந்தே முறுகிப்போயிருந்த அந்த மத்தியானத்தில், கதவைச் சுற்றிய சுவர் மட்டும் காய்ச்சல்காரன் நெற்றிபோல வியர்த்து, பச்சைச் சுண்ணாம்பு வாடையை விட்டுக்கொண்டிருந்தது. இந்த வருடம் சுண்ணாம்பே அடிக்கவில்லை. அதுதான் மரியகொரட்டிக்குப் பிடிபடவில்லை.

பூனாகலைக்கு மேலே இருக்கும் அந்த வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குச் சுண்ணாம்பு பூசிப் பதின்மூன்று வருடமாகிறது. ஒழுகும் தகரத்தை மாற்றக் கொடுத்த மனுக்களை அடுக்கினால் அதையே கூரையாகப் போடலாம். ஆனால் நூறு வருடப் பழமையான இந்த மண்டபத்துக்கு மட்டும் பொங்கலுக்கு முந்திய வாரம் மூன்று மூட்டை சுண்ணாம்பு வந்து இறங்கிவிடும். தோட்டத்து ஆட்களே பூசுவார்கள். தோட்டத்தை நடத்தும் துரைமார் தங்களுக்குக் கொடுக்கும் மரியாதை அது என்று எல்லோருக்கும் பெருமை. மரியகொரட்டியும் பதினேழு வயதிலிருந்து ஐம்பத்தாறு வரை மட்டையைப் பிடித்துச் சுண்ணாம்பு பூசியவள்தான்.

இப்போது கம்பனி மண்டபத்தை இடிக்கப்போகிறது. பக்கத்து ஊரான எல்லவுக்குச் சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்கள் தங்க இங்கேயும் ஒரு ஹோட்டல் வேண்டுமாம். ‘வரலாற்றுப் பெறுமதி எதுவுமற்ற பழைய கட்டடம்’ என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். மரியகொரட்டி தாலி கட்டிக்கொண்டது இங்கே. சம்பளப் போராட்டத்துக்கு ஊரே கை தூக்கியது இங்கே. மண்டபக் கமிட்டிச் செயலாளராகக் கொழும்புத் தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதி எழுதி, நாளைக் காலை ஓர் அதிகாரி பார்க்க வருவதாகப் பதில் வாங்கியிருந்தாள். அவருக்குக் காட்ட ஓர் அத்தாட்சி வேண்டும். கட்டிய வருடம் சுவரில் எங்காவது பொறித்திருக்கும் என்று நம்பி, தேயிலைச் செடி வெட்டும் பழைய கவ்வாத்துக் கத்தியால் ஈரச் சுவரைச் சுரண்டத் தொடங்கினாள்.

சுண்ணாம்பு தாள் தாளாக உரிந்தது. இது மகள் கல்யாண வருடம், இது அம்மா செத்த வருடம் என்று எண்ணிக்கொண்டே போனவள் கடைசியில் சாந்தைத் தொட்டாள். அங்கே ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மண்டபத்தைக் கட்டியவர்களின் கை. படமெடுத்து அதிகாரிக்கு அனுப்பினாள். மிக அரிதான தடயம், நான் வரும்வரை எதையும் உடைக்க விடாதீர்கள் என்று உடனே பதில் வந்தது.

உற்சாகத்தில் இன்னும் சுரண்டினாள். இன்னொரு கை. அதன்மேல் இன்னொன்று. மற்ற மூன்று சுவர்களிலும் சுரண்டிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. எல்லாக் கைகளும் கதவைச் சுற்றியே மொய்த்திருந்தன. சில கைகள் மேலிருந்து கீழே வழுக்கி வந்து, சாந்தில் நகக்கீறல்களை விட்டிருந்தன. முழங்கால் உயரத்தில் ஒரு கை இருந்தது. மூன்று வயதுப் பிள்ளையின் கை.

மூன்று வயதுப் பிள்ளை கட்டடம் கட்டாது.

அவள் சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். அதற்குத் தாழ்ப்பாள் வெளியில் மட்டும்தான். இங்கே நடக்கும் கல்யாணங்களில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் உள்ளே வைத்துத் தாழ்போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவளுக்கும் அப்படிச் செய்தார்கள். அப்போது அவளும் உள்ளே நின்று சிரித்தாள்.

வருடாவருடம் சுண்ணாம்பு அனுப்பும் பண்டாரவளை ஹார்ட்வெயார் கடை ஸஹாப்தீனுக்குப் போன் போட்டு, மண்டபத்துக்குள் கண்ட கைகளைச் சொல்லி, சுண்ணாம்பு ஏன் வரவில்லை என்று கேட்டாள்.

“இந்த வருசம் ஓடர் வரல்ல தங்கச்சி. புதுத் துரைக்குத் தெரியாது போல. வாப்பா காலத்துல இருந்து போறது. ஒரு வருசமும் பிந்தக் கூடாதுன்னு சொல்லுவார்.”

“ஏன் ஸஹாப்தீன் நானா?”

மறுமுனையில் கடைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“கொலரா வந்த வருசம் அந்தக் காலத்துத் துரை அங்க நாப்பது பேரப் போட்டுப் பூட்டினதாம். எட்டு நாள் கழிச்சுத்தான் தொறந்ததாம், ஒருத்தரும் உசுரோட இல்லையாம். நீங்க மொதல்ல வெளிய வாங்க.”

அவள் கால்கள் வாசல் பக்கம் திரும்பின. ஆனால் நகரவில்லை. பயத்தைவிடப் பெரிதாக ஒரு வெட்கம் அவளைப் பிடித்துக்கொண்டது. முப்பத்தொன்பது வருடமாக இந்தக் கைகளைத் தன் கையாலேயே மூடியிருக்கிறாள். பாட்டுப் பாடிக்கொண்டு மூடியிருக்கிறாள்.

“மன்னிச்சிருங்க” என்றாள் சுவரிடம்.

சுவர் ஒருமுறை தட்டியது.

அப்போது வெளியே இயந்திரம் ஒன்று உறுமி வந்து நின்றது. கணக்கப்பிள்ளை சிங்கராயரின் குரல் கேட்டது.

“அக்கா, துரை வந்திருக்காரு. சாவியக் குடுத்துட்டு வாங்க.”

“நாளைக்கித்தானே கொழும்பு ஆளு வாராரு?”

“அதுக்குத்தான் இன்னைக்கே இடிக்கச் சொல்றாரு.”

“வர மாட்டேன். இந்தச் சுவத்துல எங்க ஆளுங்க இருக்காங்க. ஒரு கல்லத் தொட விட மாட்டேன்.”

சுவர் மறுபடி தட்டியது. இம்முறை பல இடங்களில். சிங்கராயரின் குரல் இறங்கியது.

“உள்ள எத்தன பேரு இருக்கீங்க அக்கா?”

“நாப்பத்தொண்ணு.”

“பூட்டு” என்றார் துரை. “அழுது ஓஞ்சதும் தானா வழிக்கு வருவா.”

தாழ்ப்பாள் விழுந்தது.

காற்றின் சத்தம் நின்றது. சுண்ணாம்பு வாடைக்கு அடியிலிருந்து புளித்த வாந்தி நாற்றம் எழுந்தது. பின்னால் மூச்சு. ஒருவருடையது அல்ல. தரையில் எதையோ இழுக்கும் சத்தம். நின்றது. மறுபடி. பக்கத்தில்.

அவள் திரும்பவில்லை. சிலுவை போட்டுக்கொண்டாள். தோளில் ஒரு கை. ஈரம். முதுகில் ஒன்று. இடுப்பில் ஒன்று. அவளுடைய சுண்டுவிரலைச் சின்னதாய் எதுவோ பிடித்துக்கொண்டது. ஐஸ்.

கத்தினால் திறப்பார்கள். கதவைத் தட்டினால் திறப்பார்கள். அவள் பற்களைக் கடித்துக்கொண்டாள்.

“நான் அழ மாட்டேன்” என்றாள். “நீங்களும் அழுதது போதும்.”

அந்தச் சின்னப் பிடி சுண்டுவிரலை விட்டது.

மண்டபம் முழுவதும் ஒரே அடியாக அதிர்ந்தது. வெளியே தாழ்ப்பாள் பிய்ந்து கல்லில் விழுந்தது. கதவு அகலத் திறந்து, கச்சான் காற்று உள்ளே அடித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். சுவர் காய்ந்திருந்தது. அதில் ஒரு கைகூட இல்லை.

போனைத் திறந்து பார்த்தாள். எடுத்த படங்கள் அப்படியே இருந்தன. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

துரை அவள்முன் நின்று விரலை நீட்டித் திட்டிக்கொண்டிருந்தார். பொலிஸ் என்றார், வேலை நீக்கம் என்றார். அவருடைய காக்கிக் காற்சட்டையில், முழங்காலுக்கு மேலே, ஒரு சின்ன வெள்ளைக் கை ஈரமாகப் பதிந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. தொடையில் இன்னொன்று பதிந்தது. பெல்ட்டுக்கு மேலே இரண்டு. சிங்கராயர் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

மரியகொரட்டி சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

துரை பேச்சை நிறுத்தித் தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். அவர் கழுத்தில், காதுக்குக் கீழே, ஐந்து வெள்ளை விரல்கள் ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டிருந்தன.